காவிப் பல்லும் கால்சியம் ஏற்பியும்

எங்க பெரியம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு வந்ததுமே கை தானாக முந்தானையைத் தூக்கி வாயை மூடிவிடும். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் அவங்க பக்கத்துச் சொந்தக்காரங்க பாதிப் பேர் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார்கள். சின்ன வயசில் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. எல்லோருக்கும் பல்லில் காவி. குறுக்கே பட்டை பட்டையாகப் பழுப்பு. வெற்றிலையே தொடாதவர்களுக்கும் அதே கதை. கேட்டால், "எங்க ஊர்த் தண்ணி அப்படிடா" என்பார்கள். ஊர், திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டைப் பக்கம்.

கொஞ்ச நாளாக நான் வேறொரு விஷயத்துக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்று உணரும் ஒரு புரதம் நம் செல்களின் மேல் இருக்கிறது. அது எந்தத் திசுவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆய்வகங்களில் அதற்கென்றே ஒரு ஆன்டிபாடியைப் பயன்படுத்துகிறார்கள். சின்னக் குப்பியில் சில சொட்டுகளாக வரும் சரக்கு. இதன் வரலாறு என்ன என்று தோண்டப் போனால், அது சுற்றிச் சுற்றிப் பெரியம்மா ஊர்க் கிணற்றடிக்கே கொண்டுவந்து விட்டது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

கிணற்றுக்குள் ஒரு இழுபறி

திண்டுக்கல் சமவெளியின் அடியில் இருப்பது பழமையான கடும்பாறை. ஊருக்கு நடுவில் நிற்கும் கோட்டை மலையைப் பார்த்தாலே தெரியும். இப்படிப்பட்ட பாறைகளில் ஃப்ளூரைடு கலந்த தாதுக்கள் உண்டு. மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கி, வருஷக் கணக்கில் தங்கி, அந்தத் தாதுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. ஆழ்குழாய்க் கிணற்றில் நாம் எடுப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

இங்கே கால்சியம் உள்ளே வருகிறது. கால்சியமும் ஃப்ளூரைடும் சேர்ந்தால் கால்சியம் ஃப்ளூரைடு என்ற உப்பு உண்டாகும். அது தண்ணீரில் லேசில் கரையாது, படிந்துவிடும். ஆகவே நிலத்தடி நீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளூரைடு ஓரளவுக்கு மேல் ஏற முடியாது. கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடிய நீரில்தான் ஃப்ளூரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும்.

நம்ம ஊர்ப் பெண்கள் தண்ணீரைச் சோதிக்கும் முறை பருப்பு. பருப்பு வேகாவிட்டால் "உப்புத் தண்ணி" என்று ஒதுக்கிவிடுவார்கள். அது கால்சியம், மக்னீசியம் மிகுந்த கடின நீருக்கான சோதனை. ஃப்ளூரைடு இதில் சிக்காது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் காட்டிக்கொடுக்காது. பருப்பு பூவாய் வெந்துவிடும், குழந்தையின் பல் காவியாகிவிடும்.

குடிநீரில் ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராம் என்கிறது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. 2009-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. நிலக்கோட்டை ஒன்றியத்தில் 19 கிராமங்களில் மக்களை நேரில் பரிசோதித்து, தண்ணீரையும் அளந்து எழுதியது. ஒன்றியத்தில் சுமார் 88 சதவீதக் கிராமங்களின் குடிநீரில் ஃப்ளூரைடு வரம்பைத் தாண்டியிருந்தது. தண்ணீரில் ஃப்ளூரைடு ஏற ஏற, காவிப் பல் கொண்டவர்களின் விகிதமும் கூடவே ஏறியது. பெரியம்மா ஒரு வரியில் சொன்னதைத்தான் கட்டுரை எண்களில் சொன்னது.

1937: எக்ஸ்ரேயில் தெரிந்தது

இது திண்டுக்கல்லில் மட்டும் நடந்ததும் இல்லை, நேற்று தெரியவந்ததும் இல்லை. 1937-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்ட ஃப்ளூரைடு நோயைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்டு, மன்னாடி நாயர் ஆகிய நால்வர். ஷார்ட் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக இருந்தவர். பர்னார்டு எக்ஸ்ரே நிபுணர். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இன்றும் உள்ள பர்னார்டு கதிரியல் நிலையம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அவர்கள் பார்த்தது வெறும் காவிப் பல் இல்லை. முதுகெலும்பு விறைத்துப்போய், குனிய முடியாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்த மனிதர்களை. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு தடித்து, வெளேரென்று தெரிந்தது. எலும்புகளைக் கட்டும் தசைநார்களிலும் சுண்ணாம்பு ஏறியிருந்தது. காரணம் குடிநீரில் இருந்த ஃப்ளூரைடு என்று அவர்கள் அடையாளம் காட்டினார்கள்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டியது. ஆனால் எலும்புக்கு அந்தக் கட்டளையைக் கொடுப்பது யார் என்று அது காட்டாது. உடம்புக்குள் வந்த ஃப்ளூரைடு, கிணற்றில் செய்த அதே வேலையை இங்கேயும் செய்கிறது. கால்சியத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. அப்போது ரத்தத்தில் கால்சியம் குறையப் பார்க்கும். அதை உடம்பு எப்படித் தெரிந்துகொள்கிறது?

குழாய்த் தண்ணீரில் துடித்த இதயம்

கால்சியம் குறைந்தால் என்ன ஆகும் என்பது தெரியவந்ததே ஒரு தண்ணீர்க் குளறுபடியால்தான். லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்பு நீரில் வைத்துத் துடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண உப்புக் கரைசலே போதும், இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று 1882-ல் எழுதினார். பிறகு பார்த்தால், கரைசலைத் தயாரித்த உதவியாளர் காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். வடித்த நீரில் செய்தபோது இதயம் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அத்தனை நாளும் இதயத்தை ஓட்டியிருக்கிறது. 1883-ல் ரிங்கர் தன் தவறைச் சொல்லித் திருத்தி எழுதினார். ஆஸ்பத்திரியில் ஏற்றும் "ரிங்கர் லாக்டேட்" பாட்டிலில் இருப்பது இவர் பெயர்தான்.

ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்குச் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரைதான் இருக்க வேண்டும். குறைந்தால் தசைகள் இழுத்துக்கொள்ளும். அதிகரித்தால் சிறுநீரகத்தில் கல், மனக் குழப்பம். இவ்வளவு குறுகிய வரப்புக்குள் அதை வைத்திருக்கும் காவல்காரர்கள் கழுத்தில் இருக்கிறார்கள். தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, பருப்பு அளவில், பொதுவாக நாலு. பாராதைராய்டு சுரப்பிகள்.

இவற்றைக் கண்டுபிடித்த கதையில் நம்ம நாட்டு விலங்கு ஒன்றுக்கும் பங்கு உண்டு. லண்டன் மிருகக்காட்சி சாலையில் இருந்த ஒரு இந்தியக் காண்டாமிருகம் 1849-ல் செத்துப்போனது. ரிச்சர்டு ஓவன் அதை அறுத்துப் பார்த்தபோது, தைராய்டை ஒட்டி மஞ்சளாக ஒரு சின்னச் சுரப்பி இருப்பதைக் குறித்துவைத்தார். மனிதர்களிடம் அதைக் கண்டு பெயர் வைத்தவர் ஸ்வீடனின் இவார் சாண்ட்ஸ்ட்ரோம், 1880-ல். அது கால்சியத்துக்கான சுரப்பி என்று உறுதியாவதற்கு இன்னும் 29 வருஷம் ஆனது. பாராதைராய்டு நீக்கப்பட்ட நாய்களுக்கு வரும் இழுப்பு, கால்சியம் ஏற்றியதும் நின்றுவிடுகிறது என்று 1909-ல் மெக்கல்லமும் வோக்ட்லினும் காட்டினார்கள்.

சுரப்பி எப்படி வேலை செய்கிறது என்பது சுலபம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அது ஒரு ஹார்மோனை விடும். ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் போடும், சிறுநீரில் வீணாகாமல் தடுக்கும். வீட்டில் அரிசி தீர்ந்தால் குதிரைத் திறந்து எடுப்பது மாதிரி. அடிக்கடி திறந்தால் குதிர் காலியாகும், அவ்வளவுதான்.

ஆன்டிபாடி உள்ளே வருகிறது

அந்த ஹார்மோன் ரத்தத்தில் இருக்கும் அளவு மிக மிகக் குறைவு. சாதாரண ரசாயனச் சோதனைக்கு அகப்படாது. இங்கேதான் ஆன்டிபாடி உதவிக்கு வந்தது.

ஆன்டிபாடி என்றதும் பயப்பட வேண்டாம். பாம்புக்கடிக்குப் போடும் ஊசி நமக்குப் பழக்கம்தானே? குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைக் கொடுத்து, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்ததுதான் அந்த மருந்து. அந்த எதிர்ப்பொருளுக்குத்தான் ஆன்டிபாடி என்று பெயர். இப்படி ஒரு விலங்கின் ரத்தத்தில் முறிவுச் சக்தி உண்டாகிறது என்று 1890-ல் காட்டியவர்கள் பேரிங்கும் கிடசாட்டோவும்.

அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன்டிபாடி மருந்தாகவும் நோய் அறியும் சீரமாகவும் இருந்தது. பிறகுதான் ரத்தத்தில் துளியூண்டு இருக்கும் ஹார்மோனை அளக்கவும் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். விஷத்தைத் தேடிப் பிடிக்கும் என்றால் ஹார்மோனையும் பிடிக்கும்தானே? அமெரிக்காவில் பெர்சனும் ரோசலின் யாலோவும் இந்த யோசனையை வைத்து இன்சுலினை அளந்து காட்டினார்கள். 1963-ல் ஆர்பக், பாட்ஸ் இருவருடன் சேர்ந்து பாராதைராய்டு ஹார்மோனையும் அளந்தார்கள். யாலோவுக்கு 1977-ல் நோபல் கிடைத்தது. பெர்சன் அதற்குள் இறந்துவிட்டார்.

பத்தே வருஷத்தில் அந்த முறை இந்தியக் கிராமத்து நோயாளிகளின் ரத்தத்துக்கு வந்துவிட்டது. 1973-ல் மீரட்டைச் சேர்ந்த டியோட்டியா தம்பதி, ஃப்ளூரைடால் எலும்பு பாதிக்கப்பட்ட 20 பேரின் ரத்தத்தை ஆராய்ந்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அதில் 5 பேருக்குப் பாராதைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்வது தெளிவாகத் தெரிந்தது. 1976-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த சிவகுமாரும் கிருஷ்ணமாச்சாரியும், ஃப்ளூரைடு பகுதிகளில் முழங்கால் உள்பக்கம் வளைந்துபோன நோயாளிகளிடம் இதே ஹார்மோனை அளந்து ஆய்வு வெளியிட்டார்கள்.

1937-ல் எக்ஸ்ரே காட்டாத பாதிக் கதை இது. ஃப்ளூரைடு கால்சியத்தை இழுக்கிறது. சுரப்பி பதறிப்போய் ஹார்மோனை விடுகிறது. ஹார்மோன் எலும்பைக் கரைக்கிறது. ஒரே உடம்பில் ஒரு பக்கம் எலும்பு தடிக்கிறது, இன்னொரு பக்கம் கரைகிறது. சாப்பாட்டில் பால், கேழ்வரகு என்று கால்சியம் குறைவாக இருப்பவர்களிடம் இது இன்னும் மோசம். அதாவது, ஏழையின் எலும்பில்தான் தண்ணீர் முதலில் கை வைக்கிறது.

உணர்வது எது?

சரி, சுரப்பிக்குக் கால்சியம் குறைந்தது எப்படித் தெரிகிறது? ஹார்மோன்கள் செல்களின் மேல் உள்ள ஏற்பிகளில் போய் உட்காரும் என்பது தெரிந்த கதை. ஆனால் கால்சியம் வெறும் அயனி. உப்புத்தூள் மாதிரி. அதற்கென்று தனியாக ஒரு ஏற்பி இருக்குமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள்.

விடை 1993 டிசம்பரில் நேச்சர் இதழில் வந்தது. பாஸ்டனில் எட்வர்டு பிரவுன், ஸ்டீவன் ஹெபர்ட் குழுவினர் மாட்டின் பாராதைராய்டு சுரப்பியிலிருந்து ஆர்.என்.ஏ.வை எடுத்து, ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைகளுக்குள் செலுத்தினார்கள். கால்சியத்தை அடையாளம் காணத் தெரியாத அந்த முட்டை, இப்போது தெரிந்துகொண்டது. எந்த ஆர்.என்.ஏ. துண்டு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது என்று பிரித்துப் பிரித்துத் தேடி, அந்தப் புரதத்தைப் பிடித்துவிட்டார்கள். கால்சியம் உணர் ஏற்பி. மனிதரில் அது 1,078 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. பாதிக்கு மேல் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து வேலை செய்யும். கால்சியம் போதுமான அளவு வந்து ஒட்டினால் "போதும், நிறுத்து" என்று சுரப்பிக்குச் சொல்லும்.

அதே வருஷம் இன்னொரு உண்மையும் வெளிவந்தது. சில குடும்பங்களில் ரத்தத்தில் கால்சியம் பரம்பரையாகக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பெரும்பாலும் தொந்தரவே இருக்காது. இந்த ஏற்பியின் மரபணுவில் உள்ள பிழைதான் அதற்குக் காரணம். இது தெரியாமல், சுரப்பியில் கட்டி என்று நினைத்துக் கழுத்தை அறுவை செய்தால் பலன் இல்லை. ஒரு புரதத்தை அடையாளம் கண்டது சிலரைத் தேவையில்லாத கத்தியிலிருந்து காப்பாற்றியது.

பூட்டும் சாவியும்

இப்போது அந்தக் குப்பிக்கு வருவோம். புரதம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறது? நோயில் கூடுகிறதா, குறைகிறதா? கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி வேண்டும்.

திண்டுக்கல்காரங்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்ப் பூட்டு இருக்கிறதே, அதையே நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்பி பூட்டு, ஆன்டிபாடி சாவி. ஆனால் சாவி முழுப் பூட்டுக்கும் செய்யப்படுவதில்லை. பூட்டின் ஒரு சின்ன மேடு பள்ளத்துக்குத்தான் செய்கிறார்கள்.

1997-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று வெளியிட்ட ஆன்டிபாடி இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. மனித ஏற்பியின் 214-லிருந்து 235 வரையுள்ள 22 அமினோ அமிலங்களைச் செயற்கையாகக் கோத்து, அதற்கு எதிராக எலியில் உண்டாக்கியது. பெயர் ஏ.டி.டி. அந்தத் துண்டு தொடங்குவதும் அந்த எழுத்துகளில்தான். முயலின் ரத்தத்திலிருந்து எடுக்கும் ஆன்டிபாடி ஒரு சாவிக்கொத்து மாதிரி, பல சாவிகள் கலந்திருக்கும், முயல் செத்தால் அந்தக் கொத்தும் போச்சு. எலிச் செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து ஒரே சாவியைக் காலாகாலத்துக்கும் வார்த்துக்கொண்டே இருக்கும் முறையை 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்தார்கள். ஏ.டி.டி. அந்த வகை.

இத்தகைய ஆன்டிபாடிகள் சொன்ன முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 1996-ல் பிரவுன் இருந்த பாஸ்டன் குழுவே, அறுவையில் நீக்கப்பட்ட பாராதைராய்டு திசுக்களைச் சாயமிட்டுப் பார்த்தது. கட்டி வந்த சுரப்பியிலும், சிறுநீரகம் செயலிழந்ததால் வருஷக் கணக்கில் வீங்கி உழைத்த சுரப்பியிலும், ஏற்பியின் சாயம் மங்கலாக இருந்தது. உணரும் புரதமே குறைந்துபோயிருக்கிறது. ஓயாமல் கத்திக் கத்தியே காது மந்தமாகிப்போனவர் மாதிரி. "போதும்" என்று சொன்னாலும் அந்தச் சுரப்பிக்குக் கேட்காது. மிச்சமிருக்கும் ஏற்பிகளின் கூர்மையைக் கூட்டும் சினகால்செட் என்ற மாத்திரை 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று டயாலிசிஸ் நோயாளிகள் பலர் சாப்பிடுவது அதுதான்.

கள்ளச்சாவி

இதுவரை எல்லாம் வெற்றிக்கதை. ஆனால் நல்ல பூட்டுக்காரர் சாவியைக் கையில் கொடுக்கும் முன் ஒரு விஷயம் பார்ப்பார். இந்தச் சாவி பக்கத்து வீட்டுப் பூட்டையும் திறக்கிறதா?

ஆன்டிபாடியைச் சோதிக்கும் வழக்கமான முறைக்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர். எட்வின் சதர்ன் என்பவர் 1975-ல் டி.என்.ஏ.வுக்கு ஒரு முறை கண்டுபிடித்தார், அது சதர்ன் பிளாட் ஆனது. 1979-ல் புரதத்துக்கு ஒரு முறை வந்ததும், அவர் தெற்கு என்றால் இது மேற்கு என்று 1981-ல் ஒருவர் கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. திசுவை அரைத்து, புரதங்களை எடை வாரியாகக் கூழ்த் தகட்டில் ஓடவிட்டு, ஒரு தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியைத் தெளித்தால் ஒட்டிய இடத்தில் பட்டை தெரியும். சரியான எடையில் ஒரே பட்டை தெரிந்தால் நிம்மதி.

நம்ம ஏற்பி அந்த நிம்மதியைத் தராது. மேலே சர்க்கரை ஒட்டாத நிலையில் அதன் எடை சுமார் 120 கிலோடால்டன். கொஞ்சம் சர்க்கரை ஒட்டினால் சுமார் 140. முழுசாக ஒட்டி, செல்லின் மேற்பரப்புக்கு வந்து வேலை செய்யும்போது சுமார் 160. ஜோடியாகச் சேர்ந்தால் 200-க்கும் மேல். ஆக உண்மையான ஏற்பியே நாலு பட்டை காட்டும். அந்தக் கூட்டத்தில் அந்நியப் புரதம் ஒன்று ஐந்தாவது பட்டையாக வந்து நின்றால் யார் கண்டுபிடிப்பது?

இதற்கு ஒரு உரைகல் உண்டு. ஏற்பியே இல்லாத எலியின் திசுவில் ஆன்டிபாடியைப் போட்டுப் பார்ப்பது. அங்கேயும் பட்டை வந்தால் சாவி கள்ளச்சாவி. அப்படிப்பட்ட எலியை 1995-ல் ஹார்வர்டு குழு உருவாக்கியது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தார்கள். ஆனால் பின்னால் பார்த்தால், அந்த எலியில் மரபணுவின் ஒரு பகுதி மட்டும்தான் வெட்டப்பட்டிருந்தது. தோல் போன்ற சில திசுக்கள் அந்த வெட்டைத் தாண்டிக் குதித்து, நடுவில் ஒரு துண்டு குறைந்த ஏற்பியைத் தயாரித்துக்கொண்டிருந்தன. காணாமல்போன துண்டுக்கு வெளியே பிடிக்கும் ஆன்டிபாடி அங்கே பட்டை காட்டினால், அது ஆன்டிபாடியின் பிழையா, எலியின் பிழையா? உரைகல்லே போலி என்றால் தங்கத்தை என்ன செய்வது? மரபணுவின் வேறொரு பகுதியை வெட்டிய புதிய எலிகள் 2008-ல் வந்த பிறகுதான் தெளிவு கிடைத்தது.

இது இந்த ஒரு ஏற்பியின் தலைவலி மட்டுமல்ல. 2015-ல் பிராட்பரி, புளூக்தன் இருவரும் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் ஒப்புதலோடு நேச்சரில் எழுதினார்கள். சந்தையில் விற்கும் ஆன்டிபாடிகளில் பல சொன்ன வேலையைச் செய்வதில்லை, இனிமேல் அவற்றின் மரபணு வரிசையைக் கொண்டே அடையாளப்படுத்தித் தயாரிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அடுத்த வருஷம், ஒரு ஆன்டிபாடியை நம்புவதற்கு முன் எந்தெந்த வழியில் சோதிக்க வேண்டும் என்று ஐந்து வழிகளை ஒரு சர்வதேசக் குழு வகுத்துக் கொடுத்தது.

இதெல்லாம் ஏதோ ஆய்வகத்துக்காரர்களின் உள்வீட்டுச் சண்டை என்று விட்டுவிட முடியாது. 2015-ல் சீன ஆய்வாளர்கள் ஃப்ளூரைடு, பாராதைராய்டு ஹார்மோன், கால்சியம் உணர் ஏற்பி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்து எழுதினார்கள். நிலக்கோட்டைத் தண்ணீர் குடித்தவரின் கழுத்துக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள அந்த வகை ஆய்வுதான் வழி. அதில் "ஏற்பி கூடியது, குறைந்தது" என்று வரும் ஒவ்வொரு வாக்கியத்தின் அஸ்திவாரமும் ஒரு சாவியின் யோக்கியதைதான். சாவி கள்ளம் என்றால் முடிவும் கள்ளம்.

மறுபடியும் கிணற்றடி

இத்தனையும் படித்த பிறகு எனக்கு ஒரு கணக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நெல்லூர்க் கட்டுரை 1937. நிலக்கோட்டைக் கட்டுரை 2009. இடையே 72 வருஷம். காரணம் முதல் வருஷமே தெரிந்துவிட்டது. ஹார்மோனை அளக்கவும் ஏற்பியைக் காணவும் நாம் கடந்து வந்த தூரம் பெரியது. ஆனால் ஒரு குழந்தையின் பல்லைக் காவியாகாமல் காக்க இதில் எதுவுமே தேவையில்லை. நல்ல தண்ணீர் போதும். நோய் வந்தவரின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய ஆன்டிபாடி வேண்டும். நோயே வராமல் இருக்கக் குழாய் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வழி தெரியாமலும் இல்லை. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃப்ளூரைடைப் படிய வைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரின் நீரி நிறுவனம் 1970-களிலேயே கொடுத்துவிட்டது. ஆழ்குழாய் நீரைத் தவிர்த்து ஆற்று நீரைக் கொண்டுவருவது இன்னும் நிரந்தரமான வழி. தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஒகேனக்கல் திட்டம் வந்ததே இந்த ஃப்ளூரைடுக்காகத்தான்.

திண்டுக்கல் பக்கம் சொந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்களுக்கு மூன்று விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி போகும், ஃப்ளூரைடு போகாது. ஆவியாகிச் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஃப்ளூரைடைக் கண்டுபிடிக்கச் சாயம் மாறும் எளிய சோதனையே போதும், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். மூன்றாவது, பல் காவியாவது முளைத்த பிறகு இல்லை. ஈறுக்குள் பல் உருவாகும் சின்ன வயசிலேயே அது நடந்து முடிந்துவிடுகிறது. அதனால் கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் தண்ணீர்தான் முதலில் கவனிக்க வேண்டிய தண்ணீர்.

போன பொங்கலுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். இந்தக் கட்டுரைக்குப் படித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், தவளை முட்டை வரைக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் அந்த போர்த் தண்ணிதான் குடுக்குறாங்க, அதைப் போய்ச் சொல்லு முதல்ல" என்றாங்க. போய்ச் சொன்னேன். ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துச் சோதனைக்கு எடுத்துவந்தேன்.